பார்க் சார் கட்டிய கழிப்பறை

அவரைக் கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். முடியவில்லை. அவர் கெட்டவர் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெயர் வேண்டாம். எங்கள் தெருவில் எல்லாருக்கும் அவர் பார்க் சார். இரும்புலியூரில் ஜிஎஸ்டி ரோட்டை விட்டு உள்ளே வந்தால் எங்கள் தெரு. தெருக்கோடியில் மாநகராட்சிப் பூங்கா. அதன் கேட்டுக்கு நேர் எதிரே என் தையல் கடை. கடை என்றால் தகர ஷெட்டு, ஒரு மெஷின், ஒரு ஃபேன். ஜாக்கெட் தைத்துக்கொண்டே அந்த கேட்டைப் பார்த்தபடி வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தவள் நான். பார்க் சார் இப்போது மேடவாக்கத்தில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். ஆனால் கேட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவர் அங்கே நின்று கம்பியைத் துடைத்துக்கொண்டிருப்பது போலவே இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அந்த இடம் முன்பு குப்பைமேடு. கோழிக்கடைக்காரன் இறகையும் குடலையும் கொட்டுவான். வீடு இடிக்கிறவன் செங்கல்லைக் கொட்டுவான். பன்றிகள் குடும்பத்தோடு வாழ்ந்தன. சாயங்காலம் எவனாவது தீ வைத்துவிட்டுப் போவான், நாங்கள் இருமிக்கொண்டே சோறு தின்போம். தெருவில் எத்தனையோ ஆம்பளைகள் இருந்தார்கள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இவர்தான் மாநகராட்சி ஆபீஸுக்கு நடையாக நடந்தார். கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நின்றார். ஒருநாள் இடிபாடு கொட்ட வந்த லாரிக்கு முன்னால் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்தே விட்டார். ரிட்டயர் ஆன அதிகாரி, வெள்ளை பனியனோடு மண்ணில் படுத்துக்கொண்டு, "ஏத்துடா பார்க்கலாம்" என்றார். லாரிக்காரன் ரிவர்ஸ் எடுத்தான். நான் கடைக்குள்ளிருந்து விசிலடித்தேன். எனக்கு விசிலடிக்கத் தெரியும்.

மழை வெள்ளத்தில் தெருக் கால்வாய் அடைத்துக்கொண்டபோதும் அவர்தான் இறங்கினார். முழங்கால் தண்ணீரில் நின்று வெறுங்கையால் பிளாஸ்டிக்கை இழுத்து இழுத்து வெளியே போட்டார். அசிங்கம் என்று ஒரு நொடி மூக்கைப் பிடிக்கவில்லை. அழுக்கைத் தொடப் பயப்படுகிற ஆளே இல்லை. சுத்தமான ஒன்றை யாராவது தொட்டுவிடுவார்களோ என்பதுதான் அவருடைய பயமெல்லாம்.

அவர் வீட்டு சோபா கல்யாணத்துக்கு வாங்கியதாம். இன்னும் பிளாஸ்டிக் கவரோடு இருக்கிறது என்று அவர் மனைவி ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தபோது சொன்னார். "வெயில் காலத்துல உட்கார்ந்தா முதுகு ஒட்டிக்கும்மா. எழுந்தா டர்ருனு சத்தம் வரும். விருந்தாளிங்க பயந்துடுவாங்க" என்று சிரித்தார். மாநகராட்சியில் வீட்டுக்கு வீடு பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் கொடுத்தார்கள், மக்கும் குப்பைக்கு ஒன்று, மக்காத குப்பைக்கு ஒன்று. அவர் அந்த இரண்டையும் கழுவித் துடைத்துப் பரணில் ஏற்றிவிட்டார். குப்பையை எதில் போடுகிறார் என்றால் பழைய அரிசிப் பையில். "தொட்டி நல்ல க்வாலிட்டிம்மா. அதுல போய் குப்பையைப் போடறதா?" என்று என்னிடமே கேட்டார். நான் சிரித்தேன். அப்போதெல்லாம் அவரைப் பார்த்தால் சிரிப்புதான் வரும்.

பூங்கா வந்தது. நடைபாதை, ஊஞ்சல், சறுக்குமரம், புல்தரை, மூலையில் உரக்குழி, அதற்குப் பக்கத்தில் கழிப்பறை. கழிப்பறை வேண்டும் என்று மனு மேல் மனு போட்டு வாங்கியவரும் அவர்தான். பராமரிப்பைக் குடியிருப்போர் நலச் சங்கத்திடம் கொடுத்தார்கள். சங்கம் என்றால் அவர். பராமரிப்பு என்றால் பூட்டு.

திறப்பு விழாவன்று ரிப்பன் வெட்டி, லட்டு கொடுத்தார்கள். கழிப்பறைக் கதவைத் திறந்து எல்லாரையும் எட்டிப் பார்க்கச் சொன்னார். வெள்ளை டைல்ஸ், நீல பார்டர், கண்ணாடி, எவர்சில்வர் குழாய். பிளாஸ்டிக் உறை பிரிக்காத மக். அவரே உள்ளே போய் ஒரு தடவை தண்ணீர் ஊற்றிக் காட்டினார். ஜனங்கள் கைதட்டினார்கள். பிறகு தரையைத் துடைத்தார், துடைத்த தரையில் கால் படாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தார், பூட்டினார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் கழிப்பறையில் ஒரு மனுஷன் போய் நான் பார்க்கவில்லை.

பூங்காவும் காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம். புல்லில் நடக்கக் கூடாது. மழை பெய்தால் ஊஞ்சலைச் சங்கிலி போட்டுக் கட்டிவிடுவார், சேற்றுக் காலோடு ஏறுவார்களாம். பிள்ளைகள் பூங்காவுக்கு வெளியே ரோட்டில், டேங்கர் லாரிகளுக்கு நடுவே கிரிக்கெட் ஆடும். பந்து உள்ளே விழுந்தால் அவர் வீட்டு மணியை அடிக்க வேண்டும். உரக்குழிக்கு உள்ளே அவர் சொந்தச் செலவில் டைல்ஸ் ஒட்டினார். பூங்காவில் விழுகிற இலையை அதில் போட வந்தவளைப் பார்த்து, "ஏய், ஏய், அதுல போடாதே! இப்பதான் கழுவி விட்டிருக்கேன்" என்று ஓடி வந்தார்.

இலையைப் போட வந்தவள் செல்வி. எங்கள் தெருவுக்குக் குப்பை எடுக்க வருகிறவள். ஒப்பந்தத் தொழிலாளி. விடிந்ததும் பேட்டரி வண்டியோடு வருவாள், மதியம் வரை தெருத்தெருவாகப் போவாள். வாய் ஓயாது.

"இன்னாக்கா, குப்ப போட குழி தோண்டிகினு, அதுல குப்ப போடக் கூடாதாம். சாமி கும்புட கட்டுனாரா அத?" என்றாள் என்னிடம்.

"போய்க் கேளேன்டி அவரையே."

"நான் இன்னாத்துக்குக் கேக்கறது? நல்ல மன்சன்கா. மோர் குடுக்கறாரு."

ஆமாம், மோர் கொடுப்பார். வெயில் ஏறிவிட்டால் செல்வி வரும் நேரம் பார்த்து ஒரு பெரிய டம்ளர் மோர், கறிவேப்பிலை, இஞ்சி எல்லாம் தட்டிப் போட்டு. அவரே கொண்டுவந்து கையில் கொடுப்பார். "நல்லா குடிம்மா, வெயில்ல வேலை செய்யறே" என்பார். அவர் முதுகு திரும்பியதும் செல்வி அந்த டம்ளரை என் மெஷின் மேல் வைப்பாள்.

"நீ குடிக்கா."

கொஞ்ச நாள் நானும் குடித்தேன். பிறகு ஒருநாள் உறைத்தது. "ஏன்டி, உனக்கு மோர் பிடிக்காதா?"

"புடிக்கும்கா. குடிச்சா எங்க போறது?"

எனக்குப் புரியவில்லை. அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் வேலை முடிந்து வீடு திரும்பும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டாளாம். அவள் மட்டும் இல்லை, வண்டியோடு வருகிற பெண்கள் பாதிப்பேர் அப்படித்தானாம். ஆம்பளைகள் எங்கேயாவது சுவர் ஓரம் ஒதுங்கிக்கொள்வார்கள். இவர்கள் எங்கே போவார்கள்?

"முன்னாடி எங்கடி போன?"

பூங்காவைக் கையால் காட்டினாள். "இங்கதான். குப்பமேடா இருக்க சொல்லோ கருவேல மரம் இருந்துச்சு, செவுரு இருந்துச்சு, மறைவா இருந்துச்சு. இப்போ பார்க் ஆக்கிட்டாங்களே."

நான் திரும்பி அந்த கேட்டைப் பார்த்தேன். நாங்கள் எல்லாரும் கைதட்டி, லட்டு தின்று திறந்து வைத்த பூங்கா, ஒருத்திக்கு இருந்த ஒரே மறைவையும் மூடிவிட்டது. அதே இடத்தில் டைல்ஸ் போட்ட கழிப்பறை நிற்கிறது. பூட்டோடு.

என் வீட்டுக்கு வா என்று அழைத்துப் போனேன். நான் இருப்பது ஒண்டுக்குடித்தனம், கழிப்பறை பொது. வீட்டுக்காரம்மா அன்றைக்கே சண்டைக்கு வந்தாள். "குப்பை அள்ளுறவளையெல்லாம் உள்ளே விடுவியா?" நானும் விடவில்லை, கேட்க வேண்டியதைக் கேட்டேன். ஆனால் செல்விக்கு வேறு தொல்லை. வண்டியைத் தனியே விட்டுவிட்டு அவ்வளவு தூரம் வந்தால், அந்த நேரத்தில் மேஸ்திரி வந்தால், ஆள் இல்லை என்று போட்டோ எடுத்து அனுப்பிவிடுவான். அன்றைய கூலியே போச்சு. அவள் மறுபடி வரவில்லை.

அதனால் நேராக பார்க் சாரிடம் போனேன். கேட்டுக் கம்பியை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், டாய்லெட்டை செல்விக்கு மட்டும் திறந்து விடுங்க. பாவம், தண்ணி கூடக் குடிக்காம கிடக்கறா."

"ச்சச்ச, தண்ணி குடிக்கணும்மா. டிஹைட்ரேஷன் ஆயிடும். அதுக்குத்தானே மோர் குடுக்கறேன்?"

"குடிச்சா போகணும்ல சார்?"

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "இவளுக்குக் குடுத்தா அடுத்த தெருக்காரி வருவா. அப்புறம் ஆட்டோ ஸ்டாண்டுல கேப்பான். அப்புறம் அதை யாரும்மா க்ளீன் பண்றது?"

"அவதான் சார் ஊரையே க்ளீன் பண்றா. அதைப் பண்ண மாட்டாளா?"

"அதான் சொல்றேன். ஏற்கெனவே அவளுக்கு எவ்வளவு வேலை. இதை வேற எதுக்கு அவ தலையில கட்டணும்?"

அவர் கேலி செய்யவில்லை. முகத்தில் அவ்வளவு அக்கறை.

சாதி பார்த்தாரா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒருநாள் மாநகராட்சியிலிருந்து ஒரு அதிகாரி பூங்காவைப் பார்வையிட வந்தார். ஜீப்பில் வெயிலில் சுற்றி வந்திருப்பார் போல. கால் மாற்றி மாற்றி நின்றார்.

"சார், இந்த டாய்லெட்..." என்றார்.

பார்க் சார் முகம் மலர்ந்துவிட்டது. கதவைத் திறந்தார். "பாருங்க சார். டைல்ஸ் ஒண்ணுகூடக் கீறல் இல்லை. கண்ணாடி பாருங்க."

"பார்க்க இல்லை சார். போகணும்."

பார்க் சார் சட்டென்று கதவைச் சாத்தினார். "நம்ம வீடு பக்கத்துலதான் சார். அங்க வாங்க. வெஸ்டர்ன் இருக்கு. காபி குடிச்ச மாதிரியும் இருக்கும்."

அதிகாரி அரை ஓட்டமாக அவர் பின்னால் போனதை ஆட்டோ ஸ்டாண்டே பார்த்துச் சிரித்தது. திரும்பி வந்த அதிகாரி, "இவ்வளவு சுத்தமான கழிப்பறையை நான் பார்த்ததே இல்லை" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இந்த மனுஷர் யாருக்கும் திறக்க மாட்டார். யார் உயிர் போனாலும் திறக்க மாட்டார் என்று அன்றைக்குத் தோன்றியது.

அக்னி நட்சத்திரம் ஆரம்பித்தது. செல்வி பேச்சைக் குறைத்துவிட்டாள். வண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பாள். என்னடி என்றால், "எரியுதுக்கா" என்றாள். போகும்போது எரிகிறதாம், இடுப்பு வலிக்கிறதாம், ராத்திரியில் குளிர் ஜுரம். ஆஸ்பத்திரிக்குப் போ என்று கத்தினேன்.

"லீவு போட்டா வேற ஆளப் போட்டுடுவான்கா. வெயில் முடியட்டும்."

வெயில் முடியவில்லை. ஒரு நாள் முற்பகல், பார்க் கேட்டுக்கு எதிரே, அரிசிப் பையைத் தூக்கி வண்டியில் கொட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். சத்தம்கூட இல்லை. நான் ஓடினேன். உடம்பு தோசைக்கல்லாகக் கொதித்தது. என் ஷெட்டுக்குள் கொண்டுபோனால் அங்கே இன்னும் சூடு. தெருவில் நிழல் என்றால் பூங்காவுக்குள் இருக்கிற புங்க மரம்தான், தண்ணீர்க் குழாயும் அங்கேதான். கேட்டில் பூட்டு.

"சார்! சார்! கேட்டைத் திறங்க!" என்று நான் போட்ட கூச்சலில் தெருவே வெளியே வந்தது. அவரும் ஓடி வந்தார். செருப்புக்கூடப் போடவில்லை. கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு ஓடி வந்தார். பூட்டைத் திறந்துவிட்டார். நானும் ஒரு ஆட்டோக்காரத் தம்பியும் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனோம். தூக்கும்போதுதான் தெரிந்தது, அவள் புடவை நனைந்திருந்தது. எவ்வளவு நேரம் அடக்கி வைத்ததோ, மயக்கத்தில் அவளை மீறி வந்திருந்தது. என் கையெல்லாம் ஈரம். மரத்தடி பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம்.

பார்க் சாரும் பார்த்தார். "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்று கையைக் காட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினார். தண்ணீர் கொண்டுவரத்தான் ஓடுகிறார் என்று நினைத்தோம். மூச்சு வாங்க ஓடி வந்தார். கையில் நியூஸ் பேப்பர்.

பெஞ்சின் மேல் விரித்தார். ஒன்றின் மேல் ஒன்றாக விரித்தார். காற்றில் ஒரு ஓரம் பறந்தது. அதைப் பிடித்து, மடித்து, பெஞ்சின் இடுக்கில் செருகினார். ஓரங்களைச் சரிபார்த்தார். அவ்வளவு நேரமும் நாங்கள் அவளைக் கையில் ஏந்தியபடி நின்றோம். அவள் தலை என் தோளில் துவண்டு கிடந்தது.

"யோவ் பெருசு, இன்னாய்யா பண்ணிகினு கீற? ஒரு உசுரு போவுது!" என்று ஆட்டோக்காரத் தம்பி அலறினான்.

"ஆச்சுப்பா, ஆச்சுப்பா. இப்ப படுக்க வைங்க" என்றார் பார்க் சார். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அழுதுகொண்டேதான் விரித்திருக்கிறார்.

என் வாய்க்கு இந்த ஏரியாவில் பேர் உண்டு. வீட்டுக்காரம்மா, மேஸ்திரி, கவுன்சிலர், யாரையும் விட்டதில்லை. அன்றைக்குச் சண்டை போட நேரமில்லை. அவளைப் படுக்க வைக்கவில்லை. அப்படியே திரும்பி ஆட்டோவுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஆட்டோக்காரத் தம்பி சீட்டில் கிடந்த தன் காக்கிச் சட்டையைச் சுருட்டி அவள் தலைக்கு வைத்தான்.

சிறுநீர்த் தொற்று சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்றார்கள் அரசு ஆஸ்பத்திரியில். இன்னும் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் டாக்டரம்மா. "தண்ணியே குடிக்க மாட்டாங்களா இவங்க? அடக்கி அடக்கியே கெடுத்து வெச்சிருக்காங்க" என்று என்னைத் திட்டினார். திட்டு வாங்கிக்கொண்டேன். டிரிப் ஏறி, ஜுரம் இறங்கி, செல்வி கண் விழித்துப் பேச ஆரம்பிக்கச் சில நாள் ஆனது. பார்க் பெஞ்சு வரை தூக்கிப் போனதை ஆட்டோக்காரத் தம்பி அவளிடம் சொல்லியிருந்தான்.

பார்க் சார் வந்தார். கையில் இளநீர், ஆரஞ்சு, ரொட்டி. தெருவிலிருந்து வேறு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். கட்டில் பக்கத்தில் நின்றார். உட்காரவில்லை. அவரைப் பார்த்ததும் செல்வி எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"படும்மா, படு. எப்படி இருக்கே?"

"பரவால்ல சார்." கொஞ்சம் தயங்கினாள். "சார், பெஞ்சு பாழாப் போச்சா சார்? மன்னிச்சிடுங்க சார். தெரியாம ஆயிப்போச்சு."

"பெஞ்சுல உன்னைப் படுக்கவே வைக்கலடி" என்றேன் நான். அவள் கேட்டதாகத் தெரியவில்லை.

"அய்யய்யோ, அதெல்லாம் மனசுல வெச்சுக்காதே. தரையில கொஞ்சம் சிந்தியிருந்துது, அன்னிக்கே பினாயில் போட்டுக் கழுவிட்டேன். இப்ப பளிச்சுனு இருக்கு."

"அப்பாடா" என்றாள் செல்வி. நிஜமாகவே மூச்சு விட்டாள்.

"இன்னொரு நல்ல சேதி" என்றார் அவர். "உனக்கு ஏரியா மாத்தச் சொல்லிட்டேன். தாம்பரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம். அங்க பொதுக் கழிப்பிடம் இருக்கு. உனக்குக் கஷ்டமே இல்லை. முடியாதுன்னுதான் சொன்னாங்க. நான் விடலை. ஆபீஸ்ல போய்ப் போய் நின்னேன். கடைசியில ஒத்துக்கிட்டாங்க."

செல்வி ஊசி குத்தியிருந்த கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். "ரொம்ப நன்றி சார்."

அந்த வயசில், அந்த வெயிலில், ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியிருக்கிறார். பொய் இல்லை. காலில் கொப்புளத்துக்குக் கட்டுப் போட்டிருந்தார்.

"சார்" என்றேன். "அவ எதுக்கு சார் பஸ் ஸ்டாண்டுக்குப் போகணும்? நம்ம பார்க்லயே ஒண்ணு கட்டி வெச்சிருக்கீங்களே."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதில் கோபம் இல்லை, கூச்சம் இல்லை. நான் ஏதோ புரியாமல் பேசுகிறேன் என்பது போல, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல, மெதுவாகச் சொன்னார்.

"அது புதுசும்மா."

நான் செல்வியைப் பார்த்தேன். அவளாவது ஏதாவது சொல்லுவாள் என்று பார்த்தேன்.

"ஆமாக்கா" என்றாள் செல்வி, தலையணையில் தலையைச் சாய்த்துக்கொண்டே. "அது புதுசுக்கா."